புதன்கிழமையும் நின்ற இறக்கைகள்

எங்கள் ஈல்வெர்ட் ஊர் மேட்டில் பாதி என் அப்பாவின் உருளைக்கிழங்கு வயலில் கிடக்கிறது. இதைச் சொன்னால் ஈல்வெர்ட்காரர்களுக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். கடலுக்கு அணை கட்டாத காலத்தில் இவர்களுடைய முப்பாட்டன்மார் சாணியையும் களிமண்ணையும் கொட்டிக் கொட்டி ரீட் ஆற்றங்கரையில் ஒரு மேட்டை எழுப்பி, அதன் மேல் வீடு கட்டி, வெள்ளத்துக்குத் தப்பிப் பிழைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சாணி. அணை வந்த பிறகு மேடு எதற்கு என்று பேரப்பிள்ளைகள் அதையே வெட்டி, தோணி தோணியாக எங்கள் மணல்காட்டுப் பக்கம் எருவுக்கு விற்றார்கள். சின்ன வயதில் எங்கள் வயலில் கொட்டிய கறுப்பு மண்ணில் எனக்கு ஒரு மனிதப் பல் அகப்பட்டது. பிறகு ரொட்டி போடக் கற்றுக்கொண்டு அந்தப் பல்லுக்காரனின் ஊருக்கே பிழைக்க வந்தேன். முப்பது வருஷமாகிறது. இன்னும் இவர்களுக்கு நான் ‘வந்த ஆள்’தான்.

மேட்டில் மிச்சமிருப்பது தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் மட்டும். மூன்று பக்கமும் கேக்கை வெட்டியது போலச் செங்குத்தாக நிற்கிறது. கோபுரம் ஆற்றுப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்திருக்கும். அதற்குக் கீழே என் கடை. கடைக்கு எதிரே தூக்குப்பாலம், பாலத்து வீடு. ஆறு வளைகிற இடத்தில் காற்றில் சுற்றுகிற மாவு மில். இவ்வளவுதான் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரியில் கல்லறைச் சுவர் விரிசல் விட்டது. உள்ளே இருப்பவர்களும் தோணி ஏறிவிடுவார்களோ என்று சபைக்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. வெட்டுவதை அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

அதனால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாலத்து வீட்டு ரென்ஸ்கேக்குத்தான் நஷ்டம்.

ரென்ஸ்கேக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அப்பா அம்மா இருவரும் ஒரே குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நாலு, தம்பி பௌவேக்கு ஆறு. பாலத்துக் காவலையும் தம்பியையும் அவளே ஏற்றுக்கொண்டாள். தோணி வந்தால் சங்கிலியை இழுத்துப் பாலத்தைத் தூக்க வேண்டும். தூண்டில் கம்பு போன்ற நீளக் கம்பின் நுனியில் ஒரு மரச்செருப்பைக் கட்டி, போகிற தோணிக்கு நேரே வீச வேண்டும். தோணிக்காரன் பாலக்காசை அதில் போடுவான். தோணி நிற்காது. பேச வேண்டியதையும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் பேசிவிட வேண்டும்.

மேட்டு மண் ஏற்றுகிறவர்களில் யூர்யென் என்று ஒருவன். ரென்ஸ்கேயை விட நாலு வயது மூத்தவன். கல்யாணமாகாதவன், தாயோடு தோணியிலேயே வாழ்ந்தவன். மண் ஏற்றும்போது அகப்படுகிற எதையாவது காசோடு சேர்த்துச் செருப்பில் போட்டுவிட்டுப் போவான். ஒரு தடவை நீலக் கண்ணாடி மணி. ஒரு தடவை நூல் நூற்கிற தக்கிளியின் மண்வில்லை. ஒரு தடவை பாதிப் பல் உதிர்ந்த எலும்புச் சீப்பு.

“பாத்தீங்களா அண்ணே,” என்று சீப்பை என்னிடம் காட்டினாள். “ஆயிரம் வருசத்துக்கு முன்னால எவளோ சீவி எறிஞ்சது. எனக்குக் கொண்டாந்து கொடுக்கிறான். என் தலையைப் பாத்தா அவனுக்கு அப்படியா இருக்கு?”

சொல்லிவிட்டு ஜன்னல் திண்டில் மற்றவற்றோடு அடுக்கி வைத்தாள். தினமும் துடைப்பாள். நான் ரொட்டி கொடுக்கப் போகிறபோதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே வெட்டிக் கிடந்ததில் கடைசி மண் ஏப்ரலில் போனது. அன்றைக்கு நான் பாலத்தில்தான் நின்றிருந்தேன். யூர்யென் சுக்கானைப் பிடித்தபடி, பாலத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினான்.

“ரென்ஸ்கே, மண்ணு தீந்துபோச்சு. இனி இந்தப் பக்கம் எனக்குச் சரக்கு இல்ல.”

“தெரியும்.”

“அம்மா போனப்புறம் தோணியில அடுப்புப் பக்கம் காலியா கெடக்கு.”

“அதுக்கு?”

“நான் என்ன சொல்றேன்னா...”

“நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள தோணி கடலுக்குப் போயிரும்,” என்றாள் ரென்ஸ்கே. “பௌவேக்கு ஒரு வழி பண்ணணும். அவனைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன். அக்டோபர்ல வந்து கேளு.”

“அக்டோபர்ல கேக்கிறேன்,” என்று வளைவிலிருந்து சத்தம் கேட்டது. ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை அவன் அன்றைக்கே பேசிவிட்டான்.

பௌவேக்கு வழி தானாகவே வந்தது. ஜூலையில் படகுப் போட்டிக்குப் போனவன் இம்க்யே என்கிற பால்பண்ணைப் பெண்ணைப் பார்த்தான். செப்டம்பரில் அவசரமாகக் கல்யாணம் பேசினார்கள். ஏன் அவசரம் என்று ஊர் விரல் விட்டு எண்ணிக்கொண்டது. ரென்ஸ்கே சுவரோடு பதிந்த தன் மரக்கட்டிலைப் புது ஜோடிக்குக் கொடுத்துவிட்டு, அடுக்களை பெஞ்சில் படுக்கையைப் போட்டுக்கொண்டாள். “கொஞ்ச நாளைக்குத்தானே,” என்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி மில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்காரன் கியால்ட் ஒண்டிக்கட்டை. பெருக்கிய தரையையே மறுபடி பெருக்குகிற ஆள். சனிக்கிழமை தவறாமல் சலித்த கோதுமை மாவை ஒரு சின்னப் பையில் கொண்டுபோய் ரென்ஸ்கேயிடம் கொடுப்பான். “அப்பம் சுட,” என்பான். காப்பி குடிப்பான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போவான். பதினொரு வருஷம். எதற்கு என்று அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மில் இறக்கைகள் நிற்கிற நிலையைப் பார்த்தே ஊர்ச் சேதி தெரிந்துகொள்வார்கள். வேலையில்லாத நீண்ட ஓய்வு என்றால் நாலு இறக்கையும் பெருக்கல் குறியாக நிற்கும். கல்யாணம், பிள்ளைப்பேறு என்றால் மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வந்துகொண்டிருப்பது போல் நிற்கும். சாவு என்றால் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கி நிற்கும். தரை முழுக்கத் தட்டை; பத்து மைலுக்கு அப்பால் களையெடுக்கிறவனும் நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றுவான். மில் பேசுகிறபோது மனிதர்கள் எதற்குப் பேச வேண்டும் என்பது இவர்கள் எண்ணம்.

அக்டோபர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, பௌவேக்குக் கல்யாணம். நான் ரோஜா நிறப் பாகு ஊற்றிய ஆரஞ்சு கேக் நாலு தட்டு போட்டேன். பாலத்து வீட்டில் கொடி ஏற்றினார்கள். கியால்ட் இறக்கைகளில் காகிதப் பூ கட்டி, மேல் இறக்கையைச் சந்தோஷத்தில் நிறுத்தினான்.

மறுநாள் புதன். நல்ல காற்று. கடையில் மாவு இல்லை. பார்த்தால் இறக்கைகள் நேற்று நின்றபடியே நிற்கின்றன. கல்யாண நிலை கல்யாணத்தன்று சாயங்காலத்தோடு சரி. நான் மில்லுக்குப் போனேன். கியால்ட் மேல்சுற்று மரத்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தூரத்தையே பார்த்திருந்தான்.

“என்னப்பா, காத்து வீணாப் போவுதே?”

“கல்லு கொத்தணும்,” என்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பீட்ரூட் தோணி ஒன்று பாலத்துக்கு வந்தது. தோணிக்காரன் பெண்டாட்டி வாய்க்காரி. பாலம் மேலே எழும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“என்னம்மா கல்யாணப் பொண்ணே! கேக்கு கீக்கு ஒண்ணும் கெடையாதா?”

“என் தம்பிக்கில்ல கல்யாணம்,” என்று சிரித்தாள் ரென்ஸ்கே. செருப்பை வீசியாயிற்று.

“உன் தம்பிக்கா? அட கடவுளே! யூர்யென் உனக்குன்னுல்ல சொன்னான். முந்தா நேத்து சத்திரத்துல யாரோ ‘ஈல்வெர்ட் பாலத்து வீட்டுல கல்யாணம்’னாங்களாம். நம்பாம நேத்து ஆத்துச் சந்தி வரைக்கும் வந்து பாத்திருக்கான். மில்லு சிரிச்சிக்கிட்டு நிக்குது, இனி எனக்கு அங்க என்ன வேலைன்னான்.”

செருப்பு ஆடிக்கொண்டே இருந்தது. காசு விழவில்லை. தோணி பாதி தாண்டிவிட்டது.

“இப்ப அவன் எங்க?”

“தண்ணிக்கு அக்கரை ஹாலந்துக்குச் சரக்கு பிடிச்சிட்டான். சனிக்கிழமை காலையில சந்தி வழியாத்தான் போவான். திரும்பறதா இல்லேன்னான், தங்கச்சி. தோணியையும் அங்கேயே வித்துருவேன்னான்.”

பாலத்தை இறக்க வேண்டும் என்பதை ரென்ஸ்கே மறந்துவிட்டாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று கத்தின. நான்தான் ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பௌவே யூர்யெனைத் தேடிச் சைக்கிளில் ஃபிரானெக்கர் ஊர்த் துறைக்குப் போனான். மழையில் நனைந்து பத்து மணிக்குத் திரும்பி வந்தான். யூர்யென் வியாழக்கிழமையே சரக்கு ஏற்றக் கிளம்பிவிட்டான், எந்தப் பண்ணைக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சந்தி என்பது எங்கள் ஆறு பெரிய கால்வாயில் போய்ச் சேருகிற இடம். அங்கே சாலை கிடையாது, சேறும் நாணலும்தான். அன்றைக்கு அடித்த மேற்குக் காற்றை எதிர்த்து அங்கே துடுப்புப் போட்டுப் போக யாராலும் முடியாது. சந்தியிலிருந்து பார்த்தால் எங்கள் ஊரில் தெரிவது இரண்டே இரண்டுதான்: கோபுரமும் மில்லும்.

நான் ரொட்டியோடு போனபோது அடுக்களையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாணிக் கஞ்சி ஆறிக் கிடந்தது.

“ஹாலந்துத் தோணி தாண்டுற லெம்மர் மதகுக்குப் போறேன்க்கா,” என்றான் பௌவே. “ராத்திரியே கெளம்பினா...”

“வேண்டாம். ஊர் ஊராத் தேடறதுக்கு அவன் என்ன அவுத்துக்கிட்டு ஓடின மாடா? கேக்கிறேன்னு சொன்னான். கேக்கல. அவ்வளவுதான்.”

“மதினி,” என்றாள் இம்க்யே. மூன்று நாள் மணப்பெண்; வாய் மட்டும் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியது. “நீங்க இங்க எத்தனை வருசம் வேணாலும் இருக்கலாம். ஆனா அந்த பெஞ்சில படுத்தா முதுகு போயிரும். எங்கள நெனச்சு இருக்காதீங்க. நான் வந்ததால உங்களுக்கு இடம் இல்லாமப் போச்சுன்னு காலம் பூரா எனக்கு உறுத்தும்.”

ரென்ஸ்கே கஞ்சித் தட்டை நகர்த்தி வைத்தாள். ஜன்னல் திண்டிலிருந்த சீப்பை எடுத்துப் பார்த்தாள். நீல மணியையும் எடுத்தாள். இரண்டையும் ஏப்ரனின் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “தேடிப் போறது வேற, கூப்பிடறது வேற,” என்றாள். “அண்ணே, மாவுக்கு மில்லுக்குத்தானே போறீங்க? நானும் வர்றேன்.”

மில்லில் அன்றைக்கு இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. படியெல்லாம் அதிர்ந்தது. அவளைக் கண்டதும் கியால்ட் பிரேக் கயிற்றை இழுத்தான். கல் மெதுவாக ஓய்ந்தது. சனிக்கிழமைப் பை அதற்குள் கட்டித் தயாராக ஆணியில் தொங்கியது.

“கியால்ட், நாளைக்குக் காலையில இறக்கையைத் துக்கத்துல நிறுத்தணும்.”

“யாரு செத்தது?”

“யாரும் சாகல.”

“அப்ப முடியாது.” மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டான். “எங்கப்பா, அவங்கப்பா காலத்துலேருந்து இந்த மில்லு ஒரு பொய் சொன்னது கெடையாது.”

“புதன்கிழமை சொல்லுச்சே.”

மேலே எங்கோ ஒரு பலகை கிறீச்சிட்டது.

“கல்லு கொத்த வேண்டியிருந்துச்சு.”

“கல்லு கொத்தறவன் பெருக்கல் குறியால்ல நிறுத்துவான்? பாலத்துக்காரின்னா இது தெரியாதா எனக்கு?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “மேல் தளத்துலேருந்து பாத்தா சந்தி தெரியும்ல?”

“தெரியும்.”

“தோணி தெரிஞ்சுதா?”

அவன் தரையைப் பார்த்தான். பெருக்கிப் பெருக்கி வழுவழுவென்றிருந்த தரை.

“தெரிஞ்சுது.”

“எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“ஒரு மணி நேரம். பாயை எறக்கிப்போட்டு நின்னுச்சு. வரும்னு நெனச்சேன். ஒவ்வொரு நிமிசமும் இப்ப பிரேக்கை விட்டுரலாம், இப்ப விட்டுரலாம்னு கயித்தைக் கையிலதான் வச்சிருந்தேன். அப்புறம் திரும்பிப் போயிருச்சு.”

“ஒரு மணி நேரமா?” என்றாள். மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு மணி நேரம் அவன் அங்கே நின்றிருக்கிறான்; அவள் இங்கே விருந்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வயதில் ஒரு ஏக்கத்தைச் சுமப்பது லேசான காரியம் இல்லை. மூட்டை தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த நான் சொல்கிறேன்.

போகும்போது படியில் நின்று திரும்பினாள்.

“பதினொரு வருசமா மாவு கொண்டாந்தியே கியால்ட். ஒரு நாளாவது வாயைத் தொறந்து கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். நீயும் உன் பாட்டுக்கு வேற எவளையாவது கட்டியிருப்பே.”

அவள் இறங்கிப் போனாள். நான் இரண்டு மூட்டையை எடுத்துக்கொண்டேன். கியால்ட் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவன் மேல் கோபம் வர வேண்டியது. வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் அடுப்பு ரொட்டியை வெளியே எடுத்தபோது, கோயில்குட்டி தலையில் தொப்பி இல்லாமல் ஓடிவந்தார். கோயில்குட்டி என்று நாங்கள் கூப்பிடுவது மணியடித்துக் குழி வெட்டுகிற மனிதரை.

“ஃபெட்டே, யாருய்யா போனது?”

“எங்க?”

“மில்லைப் பாரு!”

பார்த்தேன். மேல் இறக்கை உச்சியைத் தாண்டி, கொஞ்சம் சாய்ந்து, அசையாமல் நின்றது.

அரை மணியில் ஊரே கறுப்புடுத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. கதவு கதவாகத் தட்டிக் கிழவர்களை எண்ணினார்கள். தொண்ணூறு வயது பீட்டர்ஸ் தாத்தா, தன்னைத்தான் எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, “நான் கஞ்சி குடிச்சிட்டேன்டா, போங்கடா,” என்று விரட்டினார். மணியை எத்தனை அடி அடிப்பது, ஆணா பெண்ணா என்று தெரியாமல் கோயில்குட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவித்தார். கடைசியில் பாதிரியாரை முன்னால் விட்டு எல்லாரும் மில்லுக்குப் போனோம்.

கியால்ட் மில் வாசலில் நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு, பளபளவென்ற கறுப்பு ஷூ. மாவுக்காரனை மாவில்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

“யாரு வீட்டுல துக்கம், கியால்ட்?” என்று பாதிரியார் கேட்டார்.

“என் வீட்டுல, ஐயா.”

“உன் வீட்டுல நீ ஒருத்தன்தானப்பா இருக்கே?”

“ஆமா,” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருப்பார்கள், ஆனால் கூட்டத்தின் பின்னால் ரென்ஸ்கே நின்றிருந்தாள். அவள் கியால்டைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். அவ்வளவுதான். பாதிரியார் கூட ஏதோ புரிந்தது போல் இருமிவிட்டு மேலே கேட்காமல் விட்டார்.

அப்போதுதான் பௌவே பாலத்திலிருந்து கத்தினான். “அக்கா! பாயி! பாயி தெரியுது!”

எதிர்த்துப் போகிறவனைத் தடுத்த மேற்குக் காற்று வருகிறவனைத் தள்ளிக்கொண்டு வந்தது. அந்தக் காற்றுக்கு எந்தத் தோணிக்காரனும் பாயைப் பாதியாகச் சுருக்கியிருப்பான். யூர்யென் முழுப் பாயும் விரித்து, தோணி ஒரு பக்கம் சாய, தண்ணீர் தளத்தில் ஏற வந்தான். தோணியின் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. தலையில் தொப்பி இல்லை. ஊருக்குள் சாவு என்று நினைத்து வருகிறவன் அல்ல. யார் சாவு என்று தனக்குத் தானே முடிவு செய்துகொண்டு வருகிறவன்.

ரென்ஸ்கே ஓடினாள். கறுப்புடுத்திய ஊர் பின்னால் ஓடியது. சங்கிலியை இழுத்துப் பாலத்தைத் தூக்கினாள். கம்பை எடுத்தாள். ஏப்ரனிலிருந்து எலும்புச் சீப்பை எடுத்து மரச்செருப்பில் போட்டு, வருகிற தோணிக்கு நேரே வீசினாள்.

செருப்பு யூர்யெனின் முகத்துக்கு முன்னால் ஆடியது. அவன் சீப்பைப் பார்த்தான். கம்பு வழியாகப் பார்வை மேலே ஏறி அவள் முகத்துக்கு வந்தது. சுக்கான் கையை விட்டுப் போய், தோணி பாலத்துக் கட்டைகளில் போய் மடாரென்று மோதியது. அவன் இத்தனை வருஷத்தில் எதன் மேலும் மோதியதில்லை.

“யாரு?” என்றான். “யாரு செத்தது?”

“யாரும் இல்ல.”

“மில்லு...”

“மில்லுகிட்டயே கேட்டுட்டிரு! கடவுள் வாயை எதுக்குக் கொடுத்தான்? என் தம்பிக்குக் கல்யாணம்யா! ஒரு மணி நேரம் அங்க நின்னியே, ஒரு வார்த்தை வந்து கேக்க முடியாதா? அக்டோபர்ல கேக்கிறேன்னு சொன்னவன்தானே நீ?”

யூர்யென் செருப்புக்குள்ளிருந்து சீப்பை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கறுப்புடுத்தித் தன்னைப் பார்க்கிறதைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

“இன்னிக்குத் தேதி என்ன?”

“பதிமூணு.”

“அப்ப இன்னும் அக்டோபர்தானே,” என்றான். “வர்றியா?”

பாதிரியார் மறுபடி இருமினார். “ஃபிரானெக்கர்ல எங்க அக்கா வீடு இருக்குங்கய்யா,” என்று யூர்யென் அவசரமாகச் சொன்னான். “பேரு பதிஞ்சு, கல்யாண அறிக்கை வாசிச்சு முடியற வரைக்கும் இவ அங்கதான் இருப்பா. சரக்குக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

ரென்ஸ்கே கம்பை இம்க்யேயின் கையில் கொடுத்தாள். “தாயி, கீழேருந்து மேலா வீசணும். இல்லேன்னா பாயில மாட்டிக்கும்.”

“எனக்குத் தெரியும் மதினி. மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றாள் இம்க்யே. சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பௌவே அக்காவின் கையை விடவே இல்லை. இருபத்து மூன்று வயசு ஆம்பளை ஆறு வயசுப் பிள்ளை மாதிரி நின்றான்.

மதியத்துக்கு மேல் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. ஒரு பெட்டி, ஒரு மெத்தை, என் கடையின் ஒரு சர்க்கரை ரொட்டி. அவ்வளவோடு தோணி கிளம்பிற்று. ஊர் கறுப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனது. நான் மில்லுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் மாவுக்கு என்றுதான் சொல்வேன்.

கியால்ட் கோட்டைக் கழற்றவில்லை. மேல் தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். பாய் சின்னதாகிக்கொண்டே போனது. துக்க நிலையை அடக்கம் முடிகிற வரைக்கும் கலைக்கக் கூடாது என்பது முறை. சந்தி நாணலுக்குப் பின்னால் பாய் திரும்பி மறைகிற வரைக்கும் அவன் அசையவில்லை.

பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அந்த ஆணியில் முந்தின நாள் கட்டிய சின்னப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தான்.

“அப்பம் சுட,” என்றான்.

பிரேக் கயிற்றை அவிழ்த்தான். மேல் இறக்கை கனத்துடன் இறங்கத் தொடங்கியது, அடுத்தது மேலே வந்தது, கல் உருண்டது. நான் பையை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். அந்த மாவை நான் அடுப்பில் போடவில்லை. எலி தின்கிற வரைக்கும் அலமாரியிலேயே வைத்திருந்தேன்.